மூக்கடைத்த கார்

யாழ்ப்பாணத்தின் பண்ணைப் பாலத்தால் வரும்போது முன்கண்ணாடி முழுக்க உப்பும் தூசியும். தண்ணீர் அடிக்கிற பிடியை இழுத்தேன். தண்ணீர் பீய்ச்சும் இரண்டு மூக்கிலும் (நொசில்) ஏதோ சொட்டு வந்து பொனெற்றிலேயே வழிந்தது. வைப்பர் அழுக்கை இழுத்து, இருந்த கொஞ்சப் பார்வையையும் கெடுத்தது.

கராஜில், "அண்ணை, மோட்டர் போட்டுது, மாத்துவம்" என்றார் தம்பி. 30 வருடக் கார், எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும். ஆனால் அந்தத் தண்ணீரைத் தள்ளும் பம்பின் மோட்டர் 'ர்ர்ர்' என்று நன்றாகத்தான் கத்தியது.

வீட்டுக்கு வந்து மூக்கடியில் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, மகளைப் பிடியை இழுக்கச் சொன்னேன். என் சேர்ட் நனைந்தது. சரி, பம்ப் நல்லாயிருக்கு, அடைப்பு மூக்கில்தான். (குழாயிலும் மெதுவாக வந்திருந்தால் வெடித்த குழாய், தண்ணீர்த் தாங்கியின் அடியில் இருக்கும் வடிகட்டி என்று பின்னோக்கித் தேட வேண்டும்.)

துளையில் வெள்ளையாகக் கல். கேத்தில் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு. குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது, நான் இவ்வளவு காலமும் ஊற்றியது கிணற்றுத் தண்ணீர்! மூக்குகளைக் கழற்றி ஓர் இரவு வினாகிரியில் ஊறப்போட்டு, மெல்லிய கம்பியால் மெதுவாகக் குத்தி ஊதினேன். பலமாகக் குத்தினால் துளை பெருத்துப் பாய்ச்சல் போய்விடும்.

இப்போது தண்ணீர் கண்ணாடியைத் தாண்டிக் கூரைக்கு அடிக்கிறது. குண்டூசியால் திசை திருப்ப வேண்டும், நாளைக்குப் பார்ப்போம். தாங்கிக்குள் இனிமேல் பிடித்து வைத்த மழைத்தண்ணீர்தான்.