என்விஎம்இ தெரியாத பழைய போர்டில் என்விஎம்இ பூட்: குளோவர் வழி

மெஷின்: மூன்றாம் தலைமுறை கோர் ஐ5, பி75 சிப்செட் போர்டு, பழைய சாட்டா ஹார்ட் டிஸ்க். புதிதாகச் சேர்ந்தவை 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டியும் (சாட்டாவுக்குப் பதில் பிசிஐஇ வழியாக ஓடும் வேகமான வகை) அதை மாட்ட ஒரு பிசிஐஇ அடாப்டர் கார்டும்.

இன்டெல் போர்டுகளில் என்விஎம்இ பூட் பரவலானது 2014-இல் வந்த இசட்97 காலத்தில்தான். அதற்கு முந்தைய பயாஸ்களில் (மெஷினைத் தொடக்கிவைக்கும் போர்டின் மென்பொருள்) பொதுவாக என்விஎம்இ டிரைவர் கிடையாது. அதனால் பூட் பட்டியலில் எஸ்எஸ்டி வராது. விண்டோஸ் 10-க்குள் போனால் மட்டும் தெரியும். டிஸ்க் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம். பயாஸில் இல்லாத அந்த டிரைவரை முதலில் ஏற்றி, பிறகு விண்டோஸைக் கிளப்பிவிடும் சின்ன பூட் புரோகிராம்தான் குளோவர்.

அடாப்டர் எம் கீ (எம்.2 சாக்கெட்டின் வெட்டு வகை), 4 லேன் (தரவுப் பாதை) வகை. உள்ளே பெரும்பாலும் வெறும் வயரிங்தான், விலை கூடியதால் வேகம் கூடாது. எம்.2 வடிவத்திலேயே சாட்டா எஸ்எஸ்டியும் விற்கிறது. அது இந்தக் கார்டில் வேலை செய்யாது. கார்டை சிபியுவோடு நேரடியாக இணைந்த 16 லேன் ஸ்லாட்டில் மாட்டினால் இந்த ஐ5-இல் பிசிஐஇ 3.0 கிடைக்கும்: 4 லேனுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 3.9 ஜிபி. சிப்செட் வழி வரும் 1 லேன் ஸ்லாட் 2.0 தான், உச்சமே 500 எம்பி. அதில் மாட்டுவதற்கு சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே மேல்.

முதல் சுற்றில், விண்டோஸ் பென்டிரைவிலிருந்து நேராக பூட் செய்தபோது இன்ஸ்டாலர் டிஸ்க்கைக் காட்டியது, ஆனால் இந்த ஹார்டுவேர் அதிலிருந்து பூட் ஆகாமல் போகலாம் என்று மறுத்துவிட்டது. பயாஸுக்குத் தெரியாத டிஸ்க் என்பதுதான் காரணம்.

இரண்டாம் சுற்றுக்கு இரண்டு பென்டிரைவ். ஒன்றில் விண்டோஸ் (ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணையோடு, பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ முறையில் எழுதியது). மற்றதை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, குளோவர் ஜிப்பிலுள்ள ஈஎஃப்ஐ ஃபோல்டரை அப்படியே போட வேண்டும். முக்கியமான வேலை ஒன்றே ஒன்று: குளோவரின் டிரைவர்ஸ் ஃபோல்டரில் ‘ஆஃப்’ என்பதற்குள் சும்மா கிடக்கும் என்விஎம் எக்ஸ்பிரஸ் டிஎக்ஸ்இ ஃபைலை ‘யூஇஎஃப்ஐ’ ஃபோல்டருக்குக் காப்பி செய்வது. யூஇஎஃப்ஐயே இல்லாத இன்னும் பழைய மெஷின் என்றால் ‘பயாஸ்’ ஃபோல்டருக்கு. இதை மறந்தால் குளோவர் மெனு அழகாக வரும், எஸ்எஸ்டி மட்டும் வராது.

செக்யூர் பூட், ஃபாஸ்ட் பூட் இரண்டையும் ஆஃப் செய்து குளோவரில் பூட் ஆகி, அதன் மெனுவிலிருந்து விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தேர்ந்தால் மறுப்பு வரவில்லை. அதற்கு முன் பழைய ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் தன் பூட் ஃபைல்களை அந்த டிஸ்க்கிலுள்ள ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் கொண்டுபோய் வைத்துவிடும். பிறகு ஒருநாள் அதை ஃபார்மேட் செய்யும்போது விண்டோஸும் சேர்ந்து படுத்துவிடும்.

இன்ஸ்டால் நடுவே ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் குளோவர் வழியாகவே திரும்பிப் போக வேண்டும். மெனுவில் ஒரே மாதிரி பல ஈஎஃப்ஐ ஐகான்கள் வந்து குழப்பினால் எஃப்2 அழுத்தலாம். குளோவரின் ‘மிஸ்க்’ ஃபோல்டரில் ப்ரீபூட் லாக் சேமிக்கப்படும். அதில் எஸ்எஸ்டி பார்ட்டிஷனின் ஜியுஐடி என்ற தனி அடையாள எண் இருக்கும். அதை கான்ஃபிக் ஃபைலில் கஸ்டம் என்ட்ரியாகக் கொடுத்து, டைம்அவுட்டை 3 வினாடியாக்கினால் தானாகவே விண்டோஸுக்குப் போகிறது.

லினக்ஸுக்கு இந்த வித்தையெல்லாம் வேண்டாம். ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் 512 எம்பி, பூட் பார்ட்டிஷன் 1 ஜிபி இரண்டையும் சாட்டா டிஸ்க்கில் வைத்து, ரூட்டை (சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷன்) மட்டும் என்விஎம்இ-யில் போட்டால் போதும். லினக்ஸின் பூட் லோடரான கிரப் பயாஸை நம்பித்தான் டிஸ்க்கைப் படிக்கிறது. கெர்னல் வந்தபின் அதனிடம் சொந்த டிரைவர் இருக்கிறது.

டிரைவரை பயாஸுக்குள்ளேயே திணித்து ஃபிளாஷ் செய்யும் வழியும் உண்டு. சிப் புரோகிராமரும் 8 கால் கிளிப்பும் கையில் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பாதியில் நின்றால் போர்டு உயிர்பெறாது.

குளோவர் பென்டிரைவ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் யாராவது பிடுங்கிவிடுவார்கள். இப்போது குளோவர், திரும்ப மாட்டிய பழைய ஹார்ட் டிஸ்க்கின் முன்பகுதியில் 200 எம்பி ஃபேட்32 ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கிறது. கேபினெட்டை மூடுமுன் போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியையும் மாற்றியாயிற்று: அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் பூட் வரிசை பழையபடி மாறிவிடும்.