ஆரஞ்சு உண்டியல்

அக்டோபர் 31 சாயங்காலம் எங்கள் வீட்டு அழைப்புமணி அடித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நியூஜெர்சிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது, பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு மிட்டாய் கேட்டு வீட்டுக்கு வீடு வரும் ஹாலோவீன் மட்டும் இன்னும் பழகவில்லை. பிள்ளைகள்மேல் கோபமெல்லாம் கிடையாது. கதவைத் திறந்ததும் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு, "அடேங்கப்பா, டைனோசரா!" என்று நாற்பது தடவை ஆச்சரியப்பட வேண்டும் பாருங்கள், அதுதான். அன்றைக்கு உள்ள ஆச்சரியத்தையெல்லாம் ஆபீஸ் மீட்டிங்கிலேயே செலவழித்துவிட்டு வருகிறவன் நான்.

முதல் வருடம் அபார்ட்மென்டில் இருந்தோம். இப்படி ஒரு சம்பவம் நடக்கும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. கதவைத் திறந்தால் ஒரு எலும்புக்கூடும் ஒரு தேனீயும் நிற்கின்றன. "ட்ரிக் ஆர் ட்ரீட்!" மிட்டாய் கொடு, இல்லாவிட்டால் சேட்டை செய்வோம் என்று அர்த்தமாம். வீட்டில் மிட்டாய் என்ற பெயரில் ஒன்றும் இல்லை. இந்தியக் கடையில் வாங்கிய பார்லே-ஜி இருந்தது. ஆளுக்கு ஒரு பாக்கெட் போட்டேன். தேனீயின் அம்மா அதை வாங்கி, உறையில் இருக்கிற பாப்பா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "கைக்குழந்தை சாப்பாடா இது?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

அடுத்த வருடம் விவரம் தெரிந்துவிட்டது. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வரக்கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் இருட்டில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். ஊரில் தண்டல்காரர் வந்தால் எங்கள் பக்கத்து வீட்டு மாமா இப்படித்தான் அடுப்படியில் பதுங்குவார். வெளியே ஒரு பிள்ளையின் குரல், "உள்ள ஆள் இருக்காங்க, ஏதோ வாசனை வருது" என்று இங்கிலீஷில் சொன்னது. கடுகு தாளித்ததற்காக அவ்வளவு குற்ற உணர்ச்சி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சொந்த வீடு, மகள் என்றெல்லாம் ஆன பிறகு ஒளிய முடியவில்லை. நூற்றைம்பது மிட்டாய் அடங்கிய மூட்டையை செப்டம்பரிலேயே வாங்குவோம். "ஒண்ணே ஒண்ணு" என்று நான் பிரிப்பேன். முப்பத்தொன்றாம் தேதி பார்த்தால் கிட்கேட்டும் ஸ்னிக்கர்ஸும் போன இடம் தெரியாது. யாரும் சீண்டாத ஆல்மண்ட் ஜாய் மட்டும் அடியில் கிடக்கும். மறுபடி ஓடிப்போய் இன்னொரு மூட்டை. கொடுக்காமல் இருக்கவும் பயம். இங்கே முதல் நாள் ராத்திரிக்கு மிஸ்சீஃப் நைட் என்று பெயர், வளர்ந்த பையன்கள் மரத்துக்கெல்லாம் டாய்லெட் பேப்பர் சுற்றுவார்கள். எதிர்வீட்டு மேப்பிள் மரம் ஒருமுறை பூணூல் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி நின்றது.

இதெல்லாம் போக, வெளியே சொல்லாத ஒரு குமைச்சலும் உண்டு. "அடுத்த வீட்டுல போய் கை நீட்டப்படாது" என்று அடித்து வளர்த்த வீடு எங்களுடையது. என் மகளோ வருடா வருடம் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறாள், நானே டார்ச் அடித்துக்கொண்டு பின்னால் போகிறேன்.

2024இல் அம்மா வந்திருந்தாள். அந்த வருடம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள், வியாழக்கிழமை. எங்களுக்கு உடன்குடிப் பக்கம். அம்மாவுக்கு தீபாவளியைவிட குலசை தசராதான் பெரிது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவிலுக்கு வேண்டிக்கொண்டவர்கள் மாலை போட்டு, விரதம் இருந்து, காளி, குறவன், போலீஸ், குரங்கு என்று வேஷம் கட்டி வீடு வீடாகப் போய்த் தர்மம் எடுப்பார்கள். வசதியானவர்களும் எடுப்பார்கள், பிச்சை எடுப்பதுதான் வேண்டுதலே. சேர்ந்த காசை விஜயதசமிக்குக் கோவில் உண்டியலில் போட்டுவிட்டு, ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்ப்பார்கள். அந்த வருடம் அக்டோபர் 12. அம்மா அதற்கு முன்பே விமானம் ஏறிவிட்டதால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வந்த நாளிலிருந்து அதே புலம்பல்.

தீபாவளி அன்று எனக்கு லீவு இல்லை. மாடியில் மீட்டிங்கில் இருந்தேன். மனைவி மகளுக்குப் பூனை மீசை வரைந்துகொண்டிருந்தாள். அந்த அக்டோபர் முழுக்க மழையே இல்லை, ஹாலோவீன் அன்று ஊர் வெயில் மாதிரி அடித்தது. மற்ற வருடம் வேஷத்துக்கு மேல் ஜாக்கெட்டை மாட்டி, சூப்பர்மேனையும் குளிர்க்காய்ச்சல்காரன் ஆக்கிவிடுவார்கள். அன்றைக்கு அந்தத் தொந்தரவு இல்லாததால் பொழுது சாயுமுன்பே பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள்.

மணி அடித்தது. அம்மா போய்த் திறந்திருக்கிறாள்.

"ஏல, ஓடி வா! வேஷம் கட்டுன பிள்ளைய வந்து நிக்கு. இந்த ஊர்லயும் தர்மம் எடுக்காவளா? எனக்குச் சொல்லவே இல்லயே நீ!"

நான் மைக்கை அணைத்துவிட்டு இறங்கி வருவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. வாசலில் ஆறு வயசுப் பிள்ளை ஒன்று. கறுப்பு அங்கி, கூம்புத் தொப்பி, பச்சை பூசின முகம், உதட்டோரம் சிவப்புச் சாயம். சூனியக்காரி வேஷம். அம்மா கண்ணுக்கு அது காளி. கையில் ஆரஞ்சு நிறப் பூசணிக்காய் வாளி, உண்டியல். ட்ரிக் ஆர் ட்ரீட் என்று அது சொன்னது இவள் காதில் "திருநீறு" என்று விழுந்திருக்கிறது. செருப்பைக் கழற்றிப் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, வாளிக்குள் ஒரு டாலர் நோட்டைப் போட்டுவிட்டு, சூனியக்காரிக்கு முன்னால் தலையைக் குனிந்து நிற்கிறாள்.

"பூசி விடு தாயி."

பிள்ளை திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தது. நடைபாதையில் காபியோடு நின்ற அவள் தோளைக் குலுக்கிச் சிரித்தாள். பிள்ளை யோசித்தது. பாதி தின்ற சாக்லேட் அதன் விரலெல்லாம் அப்பியிருந்தது. பெருவிரலை நீட்டி அம்மாவின் நெற்றியில் ஒரு இழுப்பு இழுத்தது. அம்மா கண்ணை மூடி வாங்கிக்கொண்டாள். பிறகு வழக்கம்போல் நெற்றியில் தொட்டு ஒரு துளி வாயில் போட்டாள்.

"ஏல, இந்த ஊர்த் திருநீறு இனிக்கி!"

சூனியக்காரி வீட்டார் போன பிறகு மகள் ஆச்சியை உட்கார வைத்து வகுப்பெடுத்தாள். இது அயர்லாந்துப் பக்கத்திலிருந்து வந்தது, அங்கே முதலில் பூசணி இல்லை, டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள், செத்தவர்கள் வீடு தேடி வரும் ராத்திரி இது என்று. அம்மாவுக்குக் கடைசி வாக்கியம் மட்டும் பிடிபட்டது.

"இன்னைக்கு அமாவாசையும் பொறந்துட்டு. செத்தவுக வந்தா சோறுல்லா வைக்கணும்? முட்டாயா வைப்பாவ?"

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகப் போய், செத்தவர்களுக்காகப் பிரார்த்தனை செய்து கேக் வாங்கித் தின்றார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அம்மா உலையை வைத்துவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் தட்டு நிறைய முந்திரிக்கொத்தோடு வாசலுக்குக் கிளம்பிவிட்டாள். தடுத்தேன். வீட்டில் செய்த பலகாரத்தை இங்கே வாங்க மாட்டார்கள். உறை போட்ட கம்பெனி மிட்டாயைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் தின்னக் கொடுப்பார்கள். 1974இல் டெக்சாஸில் ஒருவன் ஹாலோவீன் மிட்டாயில் சயனைடு வைத்துவிட்டான், அதுவும் பெற்ற மகனுக்கே, இன்ஷூரன்ஸ் பணத்துக்காக. கொன்றது அப்பன், ஐம்பது வருடமாகச் சந்தேகப் பார்வை பக்கத்து வீட்டுக்காரன்மேல். அம்மாவிடம் சுருக்கமாக, "விஷம்னு பயப்படுவாங்கம்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பலகாரம் போனால் போகிறது, கையில் துட்டு இருந்ததே. தீபாவளிக்கு வரும் நம்மாட்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கவென்று இருபத்தைந்து ஒற்றை டாலர் நோட்டு மாற்றி அம்மாவிடம் கொடுத்திருந்தேன். இங்கே முழு அளவு சாக்லேட் கொடுக்கிற வீடு என்றாலே பள்ளிக்கூடம் வரை பேர் பரவிவிடும். டாலர் கொடுக்கிற வீடு என்றால்? ஆறரை மணிக்கு எங்கள் வாசலில் ரேஷன்கடை வரிசை. ஒரு பேட்மேன் இரண்டாவது முறை முகமூடி இல்லாமல் வந்தான். "இப்ப என்ன வேஷம்?" என்றேன். "புரூஸ் வெய்ன்" என்றான். நியாயம்தான், பேட்மேன் முகமூடியைக் கழற்றினால் வேறு யாராக இருக்க முடியும். கொடுத்தேன்.

எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள், எதிர்வீட்டு அமெரிக்கப் பாட்டி மட்டும் பார்க்கவில்லை. எழுபது தாண்டியவர். 1950இல் பிலடெல்பியாவில் ஆரம்பித்த பழக்கம் ஒன்று உண்டு, பிள்ளைகள் மிட்டாய்ப் பையோடு யூனிசெஃப் பெட்டியும் தூக்கிப்போய் ஏழைப் பிள்ளைகளுக்காகச் சில்லறை சேர்ப்பார்கள். அந்தப் பெட்டி இப்போது எங்கள் தெருவில் வருவதில்லை. "சின்னப் பிள்ளையில் நானும் தூக்கியிருக்கிறேன், குலுக்கினால் சத்தம் நன்றாக இருக்கும்" என்றார் பாட்டி. மொழிபெயர்த்தேன். "பாத்தியால, அவங்களும் உண்டியல் தூக்குனவங்கதான்" என்று அம்மா அவரைப் படியில் பிடித்து உட்கார வைத்துக்கொண்டாள். முந்திரிக்கொத்து அவருக்குப் போனது. விஷத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, மூன்று தின்றார்.

எட்டரைக்குக் கடைசியாக ஒருவன் வந்தான். ஆறடி உயரம், அரும்பு மீசை, சாதாரண சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் தலையணை உறை. என்ன வேஷம் தம்பி என்றேன். "ஐடி சப்போர்ட்" என்றான். பதினோரு வருடமாக நான் கட்டிக்கொண்டிருக்கிற வேஷம்! துட்டு தீர்ந்திருந்தது. ஆல்மண்ட் ஜாய் மொத்தத்தையும் அவன் உறையில் கொட்டினேன்.

விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வந்தால் மகள் வாளியைக் கம்பளத்தில் கவிழ்த்து ரகம் பிரித்துக்கொண்டிருந்தாள். "இதயெல்லாம் எந்தக் கோயில்ல சேக்கணும்?" என்றாள் அம்மா. "என் ரூம்ல" என்றாள் மகள். நான் சும்மா இருந்திருக்கலாம். "இப்படிக் கேட்டு வாங்குறதே எனக்குப் பிடிக்கலைம்மா" என்று சொல்லித் தொலைத்தேன்.

அம்மா நிமிர்ந்தாள். "ஒனக்கு எட்டு வயசுல மஞ்சக்காமால வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாயி, பொழைக்க மாட்டன்னு கெடந்தியே, ஞாபகம் இருக்கா? குலசைக்கு நேந்துகிட்டு ஒனக்குக் கொரங்கு வேஷம் கட்டி, முப்பத்தேழு வீடு கூட்டிட்டுப் போனேன். நீ ஒவ்வொரு வீட்லயும் பல்லக் காட்டிக்கிட்டு நின்ன. வாலப் பிடிச்சி இழுத்தான்னு தலையாரி மவனைக் கடிச்சி வச்ச."

மகள் கையிலிருந்த ட்விக்ஸ் கீழே விழுந்தது. "அப்பா, நீ குரங்கா?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு மரியாதை திரும்பவில்லை. இரண்டு வாரத்துக்கு எது கேட்டாலும் வாலைக் காட்டச் சொன்னாள்.

போன வருடம் ஹாலோவீன் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா ஊருக்குப் போயிருந்தாள். விளக்கைப் போட்டுவிட்டு, கிட்கேட் மூட்டையும் கையுமாக வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன், சும்மா சும்மா மணி அடிக்கும் சத்தம் கேட்க வேண்டாமே என்றுதான். ஏழு மணிக்குப் பச்சை முகமில்லாத ஒரு ஏழு வயசு டைனோசர் வந்தது. மிட்டாயைப் போட்டேன். போகவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தது. பாட்டி இல்லை, இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்றேன். அப்போதும் போகவில்லை. பெருவிரலை வாயில் வைத்து ஒரு சப்புச் சப்பிவிட்டு, அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது.

தெருவில் நாலைந்து பெற்றோர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐடி சப்போர்ட் பையனும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன்.