பிடிஆர் ரெக்கார்டைத் தப்பான இடத்தில் போட்ட கதை

கிளவுட் நிறுவனத்தில் வாடகைக்கு எடுத்த சர்வரில் சொந்தமாக மெயில் அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் ஓடுகிறது, என் டொமைன் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் போட்டாயிற்று, மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகிம் கையெழுத்தும் ஒழுங்காக விழுகிறது. மெயில் வெளியே போகும் 25-ஆம் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லிக் கிளவுட் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து அதையும் வாங்கிவிட்டேன். இனி என்ன என்று ஒரு சோதனை மெயிலைத் தட்டினேன். அடுத்த நொடியே லாகில் 550, அதாவது மெயிலை ஏற்க மறுக்கும் பிழை எண். அனுப்பும் ஐபிக்கு பிடிஆர் ரெக்கார்ட் (ஐபியைக் கேட்டால் சர்வரின் பெயரைச் சொல்லும் பதிவு) இல்லை, அல்லது அதில் உள்ள பெயர் திரும்ப இந்த ஐபியைக் காட்டவில்லை என்று எழுதியிருந்தது. நான் முதல் பாதியை மட்டும் படித்தேன். ‘அல்லது’வுக்குப் பிறகு இருந்ததைப் படித்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

பிடிஆர்தானே என்று டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் (பெயரையும் ஐபியையும் இணைக்கும் முறை) பேனலுக்குப் போனேன். ரெக்கார்ட் வகைகளின் பட்டியலில் பிடிஆரும் இருந்தது. போட்டேன், சேமித்தேன், பச்சை டிக் விழுந்தது. டிஎன்எஸ் பரவ நேரமாகும் என்று எல்லாரும் சொல்வதை நம்பி மறுநாள் காலை வரை பேசாமல் இருந்தேன். அதே 550.

ஐபியிலிருந்து பெயரைத் தேடும் ‘டிக் -எக்ஸ்’ (dig -x) கட்டளையை அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பதில் என்எக்ஸ்டொமைன், அதாவது அப்படியொரு பெயரே இல்லை. ஆனால் அதற்குக் கீழே அத்தாரிட்டி பகுதியில், பதிலுக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் எஸ்ஓஏ வரியில் என் டொமைனின் பெயர்சர்வர் இல்லை; கிளவுட் நிறுவனத்தின் பெயர்சர்வர் இருந்தது. யோசித்தால் அதுதான் நியாயம். ஐபி 203.0.113.25 என்று வைத்துக்கொண்டால், தலைகீழாகத் தேடும்போது கேள்வி 25.113.0.203.இன்-அட்ர்.ஆர்பா (in-addr.arpa) என்ற பெயருக்குப் போகும். அந்தப் பெயர்கள் அடங்கிய டிஎன்எஸ் மண்டலம், ஐபி தொகுதி யாருடையதோ அவர்கள் கையில். டொமைன் என்னுடையது, ஐபி வாடகைக்கு எடுத்தது. நான் போட்ட பிடிஆரை உலகத்தில் யாரும் கேட்கவே போவதில்லை.

சரி என்று கிளவுட் பேனலில் தேடினால், பிடிஆரை எழுதும் ரிவர்ஸ் டிஎன்எஸ் கட்டம் சர்வர் பக்கத்தில் இல்லை. நெட்வொர்க் பகுதியில், ஐபியைச் சொடுக்கினால் திறக்கும் மூன்றாவது திரையில் ஒளிந்திருந்தது. மெயில் சர்வரின் முழுப் பெயரை அடித்தேன். ஏற்க மறுத்தது: இந்தப் பெயர் இந்த ஐபியைக் காட்டவில்லையாம். பார்த்தால், நடுவில் ஒருமுறை சர்வரை அழித்துப் புதிதாக எழுப்பியதில் ஐபி மாறியிருக்கிறது. பெயருக்கு ஐபியைச் சொல்லும் ஏ ரெக்கார்ட் இன்னும் பழைய ஐபியிலேயே நிற்கிறது. பழைய பதிலை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல் 86400 நொடி, அதாவது முழுதாக ஒரு நாள். திருத்திவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இந்த இடைவெளியில் செய்த ஒரே நல்ல காரியம், ஐபியை நிலையான ஐபியாக ஒதுக்கி வைத்தது. ஐபி மாறினால் பிடிஆரும் கையை விட்டுப் போகும்.

மறுநாள் பேனல் ஏற்றுக்கொண்டது. ஐபியைக் கேட்டால் பெயர் வருகிறது, பெயரைக் கேட்டால் ஐபி வருகிறது. இரண்டும் பொருந்தினால்தான் கணக்கு. ஜிமெயில் தன் விதிகளில் 2024 பிப்ரவரி முதல் அனுப்புநர் எல்லாருக்கும் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கையோடு போஸ்ட்ஃபிக்ஸில் சர்வரின் பெயரைக் குறிக்கும் மைஹோஸ்ட்நேம் அமைப்பையும் அதே பெயருக்கு மாற்றினேன். அதுவரை எதிர் சர்வரிடம் ஹலோ (HELO) சொல்லித் தன்னை அறிமுகப்படுத்தும்போது, சர்வர் எழும்பியபோது கிளவுட் வைத்த ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மெயில் போனது. மூன்றாவது மெயில் திரும்பி வந்தது!

ஒன்று போகும், இன்னொன்று திரும்பும் என்றால் தலை சுற்றாதா? லாக் வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போனவை எல்லாம் நான்கு எண் ஐபியில் போயிருந்தன. திரும்பிய வரியில் மட்டும் நிறைய முக்காற்புள்ளிகளோடு நீளமான முகவரி: ஐபிவி6. அதற்குத் தனி பிடிஆர் வேண்டும், பெயருக்கு ஐபிவி6 முகவரியைச் சொல்லும் குவாட் ஏ (AAAA) ரெக்கார்டும் வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் எதில் வழி கிடைக்கிறதோ அதில் அனுப்பிவிடும். அப்போதைக்கு போஸ்ட்ஃபிக்ஸின் ஐநெட்_புரோட்டோகால்ஸ் அமைப்பை ஐபிவி4 (நான்கு எண் ஐபி மட்டும்) என்று மாற்றி வாயை அடைத்தேன். பிறகு ஆற அமர ஐபிவி6-க்கும் பிடிஆர் போட்டேன். அதிலும் கவனம் வேண்டும்: சர்வருக்கு ஒரு முழு /64 தொகுதியே, அதாவது எண்ணற்ற முகவரிகள் கொண்ட ஒரு கட்டையே, தந்திருப்பார்கள், அதில் எந்த முகவரியிலிருந்து மெயில் வெளியே போகிறதோ சரியாக அதற்குப் போட வேண்டும்.

அந்த சர்வரில் மூன்று டொமைன்களின் மெயில் ஓடுகிறது. அப்படியானால் மூன்று பிடிஆர் வேண்டுமா என்று நானும் குழம்பினேன். வேண்டாம். பிடிஆர் சர்வருக்கு, அனுப்புகிற டொமைனுக்கு அல்ல. ஐபிக்கு ஒரு பெயர், ஹலோவில் அதே பெயர், அவ்வளவுதான். மூன்று டொமைனும் அதே சர்வரிலிருந்து இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. டொமைன் பேனலில் முதல் நாள் போட்ட அந்தப் பிடிஆர் மட்டும் நீக்க மறந்து இன்னும் அங்கேயே கிடக்கிறது.