அப்பாவின் அரை பைண்ட்

“ஏல, இது கள்ளுக்கடைதான?”

வாசலிலேயே நின்றுவிட்டாள் அம்மா. இங்கிலாந்தின் யார்க் நகரம், ஊஸ் ஆற்றங்கரை, 2024 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூடவே அப்பா, என் மனைவி, ஆறு வயது மகள். கிளம்பும்போது நான் “ஆத்தங்கரையில ஒரு சாப்பாட்டுக் கடை” என்றுதான் சொல்லியிருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. வெளியே கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்ததும் ஞாயிறு சாப்பாட்டின் விலைதான். ஆனால் கதவு திறந்ததும் உள்ளே வரிசைகட்டி நின்ற குப்பிகள் அம்மா கண்ணில் பட்டுவிட்டன.

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “யாராவது பாத்தா என்ன நெனப்பாவ?” என்றாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்த பிறகும் அந்த யாராவது கூடவே வந்திருந்தார்.

உள்ளே போனால் ஒரு கைக்குழந்தை உயர நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைப் பிசைந்து முகத்தில் பூசிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மேசையில் அம்மாவைவிட மூத்த இரண்டு பாட்டிகள் ஆளுக்கொரு கிளாஸை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறார்கள். மேசைக்கு அடியில் ஒரு நாய். அம்மாவின் கோபம் கள்ளிலிருந்து நாய்க்கு மாறியது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பப்புக்கு நான் முதன்முதலில் போனது நாலு வருஷத்துக்கு முன்னால். மனைவிக்கு இங்கே மருத்துவமனையில் வேலை கிடைத்து, அவள் பின்னாலேயே நான் வந்து சேர்ந்த சமயம். மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருந்தேன், ஒருத்தரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. நிறத்தைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள் என்று முடிவுகட்டி, மனதுக்குள் ஒரு புகார்க் கடிதமே எழுதி முடித்துவிட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், எல்லோரும் எழுந்துபோய்த்தான் வாங்குகிறார்கள். பீர் ஊற்றிக் கொடுக்கிற மரத்தட்டியின் முன்னால் வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு முன்னால் யார் வந்தார் என்று அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். நம் ரேஷன் கடையில் செருப்பைப் போட்டு இடம் பிடிப்பதுபோல ஒரு அடையாளமும் இல்லாமல் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அப்பாவும் நானும் தட்டிக்குப் போனோம். அங்கே ஊற்றிக் கொடுக்கிற பெண்மணிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்ததும் “வழக்கமானதுதானே, லவ்?” என்று கேட்டு, பம்பின் பிடியில் கையை வைத்துவிட்டார்.

இரண்டு அடி ஒரே நேரத்தில் விழுந்தன. யார்க்ஷயரில் ‘லவ்’ என்பது நம்மூரில் ‘மக்கா’ என்பதுபோல. பால்காரரிலிருந்து பஸ் ஓட்டுநர் வரை எல்லோரும் எல்லோருக்கும் லவ். அதை அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். அந்த ‘வழக்கமானது’தான் சிக்கல். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர், ‘யூஷுவல்’ என்ற சொல் அவருக்குத் தெரியாதா? நான் அவசரமாக “ஆரஞ்சு ஜூஸ்” என்றேன். அந்தம்மா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் பிடியிலிருந்து கையை எடுத்து ஜூஸை ஊற்றினார். அட்டையைத் தட்டிக் காசு கொடுத்ததும் “டா, லவ்” என்றார். இங்கே நன்றியின் சுருக்கம் அது. பின்னால் வந்து நின்ற அம்மா காதில் ‘டா’ மட்டும் விழுந்தது. “என்னல, டா போட்டுப் பேசுதா?”

நான் குடிப்பேன் என்று அப்பாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அதற்காக அவர் முன்னால் கிளாஸைத் தூக்கிவிட முடியுமா?

அப்பாவின் கண் பம்புகளின்மேல் இருந்தது. வரிசையாக மூன்று மரப்பிடிகள். நம் தெருமுனை அடிபம்பு மாதிரிதான். கீழே நிலவறையில் பீப்பாய் இருக்கும், மேலே பிடியை இழுக்க இழுக்க ஏறிவரும். “அதுக்குள்ள என்ன இருக்கு?” என்று கேட்டார். நான் சொல்வதற்குள் அந்தம்மா சின்ன கிளாஸில் ஒரு வாய் அளவு ஊற்றி அவர் பக்கம் தள்ளினார். ருசி பார்க்கக் கொடுப்பதற்குக் காசு கிடையாது. இலவசம் என்றதும் அம்மாவின் எதிர்ப்பும் ஒரு படி இறங்கியது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு ஆற்றைப் பார்த்தார். “கள்ளு,” என்றார். “ரெண்டாம் நாள் கள்ளு. புளிப்பு ஏறுதுக்கு முந்தி. கசப்பு மட்டும் கூட, வேப்பம்பூவப் போட்டமாரி.”

நாலு வருஷமாக இதைக் குடிக்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. வந்த புதிதில் ‘பீரைக் குளிரவைக்கத் தெரியாத நாடு’ என்று நண்பர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பிச் சிரித்தவன் நான். இவர்கள் ரியல் ஏல் என்று சொல்கிற இந்தப் பீரை நிலவறைக் குளிர்ச்சியில், 11 முதல் 13 டிகிரிக்குள்தான் கொடுப்பார்கள். காரணம், அது அடங்கிப்போன பீர் இல்லை. வடிகட்டாமல், சூடேற்றி ஈஸ்ட்டைக் கொல்லாமல் அப்படியே பீப்பாயில் அடைத்து அனுப்புகிறார்கள். பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் உள்ளே அது நொதித்துக்கொண்டே இருக்கும். பீப்பாயின் மேல் துளையில் ஒரு மரச்செருகு வைத்து, பொங்குகிற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவார்கள். வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை. ஃபிர்கின் என்கிற சின்னப் பீப்பாயில் 72 பைண்ட். ஒரு பைண்ட் என்பது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். திறந்தால் மூன்று நாளுக்குள் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். கலயத்தின் வாயில் நுரை தள்ளுவதும், பொழுது ஏற ஏறப் புளிப்பதும், தூர ஊருக்கு அனுப்ப முடியாததும் வேறென்ன? பதனீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் நடப்பதுதானே இங்கே நிலவறையில் நடக்கிறது!

ஒரு விஷயத்தை மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை. கலங்கலைத் தெளியவைப்பதற்குப் பல இடங்களில் இதில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு சரக்கைச் சேர்ப்பார்கள். செவ்வாய், வெள்ளி கவிச்சி தொடாமல் பீரோடு நிறுத்திக்கொண்டு வந்த என் பக்தியின் கதி அதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அப்பாவுக்கு அரை பைண்ட் வாங்கினேன். இரண்டரை பவுண்டு. “இருநூத்தறுவது ரூவா,” என்று அம்மா உடனே கணக்குச் சொன்னாள்.

சாப்பாடு வந்தது. யார்க்ஷயர் புட்டிங் என்றதும் இனிப்பு என்று எதிர்பார்த்த அம்மா, மாட்டிறைச்சி வேண்டாம் என்று வாங்கிய கோழிக்குப் பக்கத்தில், உப்பின பூரியை நடுவில் குத்திக் குழியாக்கியதுபோல ஒன்று உட்கார்ந்து குழம்பில் ஊறுவதைப் பார்த்துத் திகைத்தாள். “உப்புமில்ல, உறைப்புமில்ல.” கைப்பையிலிருந்து மாங்காய் ஊறுகாய் வெளியே வந்தது. அப்பாவின் தட்டோரத்தில் வெள்ளையாக ஒரு கரண்டி விழுது இருந்தது, குதிரை முள்ளங்கி என்பார்கள். அதைத் தொட்டு நாக்கில் வைத்தவளுக்கு மூக்கில் சுர்ரென்று ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இத மட்டும் நல்லா செஞ்சிருக்காவ,” என்று மீதியையும் வழித்துக்கொண்டாள்.

அப்பா பேச ஆரம்பித்தது அப்போதுதான். தாத்தாவுக்காகப் பனையேறி தினமும் விடியற்காலையில் ஒரு கலயத்தை மட்டும் சுண்ணாம்பு தடவாமல் இறக்கி வரப்பில் வைத்துவிட்டுப் போவாராம். அதை வீட்டுக்கு எடுத்துவரும் வேலை பன்னிரண்டு வயது அப்பாவுக்கு. வழியில் இரண்டு வாய் குடித்துவிட்டு, குறைந்த அளவுக்கு வாய்க்கால் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடுவார். ஒருநாள் தாத்தா குடித்துப் பார்த்துவிட்டு, “பனை உச்சியில மட்டும் ராத்திரி நல்ல மழை போலிருக்கு,” என்றாராம். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அப்பாவும் அதற்குப் பிறகு கலயத்தில் வாய்வைக்கவில்லை. நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த அம்மாவுக்கும் இந்தக் கதை புதிது.

எனக்கு அந்தக் கலயத்தைத் தெரியாது. நான் விவரம் அறிந்து வளர்வதற்குள், 1987இல், தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை வந்துவிட்டது. பனைதான் மாநில மரம். அதில் வடிவதைக் கள்ளாக்கிக் குடித்தால் குற்றம். 2003 முதல் பாட்டில் சரக்கை அரசே கடை போட்டு விற்கிறது. கம்பித் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டி வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு சந்துக்குள் போய் நின்றபடியே கவிழ்த்துவிட்டு வருகிறோம். குடியை நான் உயர்த்திப் பேச வரவில்லை. அதில் அழிந்த இரண்டு வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. எனக்கு வயிற்றெரிச்சல் வேறு.

இங்கேயும் ஒரு காலத்தில் இந்த பீர் போய்ச் சேர இருந்தது. பெரிய கம்பெனிகள் வடிகட்டி, சூடேற்றி, வாயு அடைத்த பீரைக் கொண்டுவந்து பப்புகளை நிரப்பிக்கொண்டிருந்த சமயம். 1971இல் நாலு பேர், அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் உட்கார்ந்து புலம்பி, ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். காம்ரா என்று பெயர். ரியல் ஏல் என்ற சொல்லே அவர்களால்தான் பரவியது. நாலு பேர் குடித்துக்கொண்டு புலம்புவது நம்மூரிலும் நடக்கிறதுதான். மறுநாள் காலையில் மறந்துவிடுகிறோம். கள்ளுக்காக நம்மூரிலும் கொடி பிடித்தவர்கள் இருக்கிறார்கள், இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் கப்பையும் மீனும் வைத்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிற கள்ளுக்கடை உண்டு. நாம் மட்டும் பதனீரைக்கூட ஒரு பட்டையில் வாங்கிச் சாலையோரம் நின்று குடித்துவிட்டு, நல்ல பிள்ளையாக வீடு திரும்ப வேண்டியிருக்கிறது.

அப்பா கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கதவோரச் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார். ஆறு எப்போது எவ்வளவு ஏறியது என்று அங்கே வருஷத்தோடு கோடு போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே 2000. அந்த வருஷம் நவம்பரில் ஊஸ் வழக்கத்தைவிட 5.4 மீட்டர் உயர்ந்தது. இந்தக் கரைக்கு ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலமும் தண்ணீர் வரும். வந்தால் நாற்காலிகளை மாடிக்கு ஏற்றுவார்கள், வடிந்தால் கழுவிவிட்டுத் திரும்பவும் பீர் ஊற்றுவார்கள்.

அப்பா கையை உயர்த்தி அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். “நம்ம வீட்டுல நெஞ்சு மட்டம்தான்,” என்றார்.

2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்த இரண்டு நாளும் அவர் போன் அணைந்து கிடந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் வெள்ளத்துக்கு நடுவே நிற்கும் படத்தை இங்கே சமையலறையில் நின்றுகொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதே சமையலறை ஜன்னலுக்கு வெளியே, ஊஸ் தன் வழக்கப்படி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுச் சுவரில் சேறு விட்டுப்போன கோட்டை அப்பா இன்னும் வெள்ளையடிக்கவில்லை. வருஷம் எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னார், எழுதினாரா தெரியவில்லை.

வெளியே வந்ததும் அம்மா படித்துறையைத் தேடினாள். ஆற்றைப் பார்த்தால் காலை நனைக்க வேண்டும் அவளுக்கு. இங்கே படி இருந்தது, ஆனால் அது முழுக்க வாத்துகளுக்குச் சொந்தம். “இவ்வளவு தண்ணியிருந்து ஒருத்தரும் குளிக்கலியே,” என்று கடைசிவரை அவளுக்கு ஆறவில்லை.

வீடு திரும்பும் வழியில் அப்பா என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: “அந்தம்மாவுக்கு ஒன்ன நல்லாத் தெரியும்போல.”

அவர்கள் ஊருக்குப் போய் வெகு நாளாகிவிட்டது. நான் இப்போது நன்றாகவே ஊன்றிவிட்டேன். மழையைக் குறை சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறேன். என் காலை மிதித்தவரிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். ‘டா’ என்று என் வாயிலேயே வருகிறது. ஞாயிறு சாயங்காலம் அதே மூலையில் உட்கார்ந்தால், கேட்காமலேயே என் கிளாஸ் வந்துவிடும்.

போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது கதவைத் திறந்துகொண்டு ஒரு பெரியவர் வந்தார். நரைத்த மீசை, ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர், நெற்றியில் லேசாகத் திருநீறு. என் கை தானாகவே கிளாஸைத் தூக்கிச் சாப்பாட்டு அட்டைக்குப் பின்னால் வைத்தது. அவர் நேரே தட்டிக்குப் போய் ஒரு முழு பைண்ட் வாங்கிக்கொண்டு, ஆற்றைப் பார்த்த நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். அவர் குடித்து முடித்துக் கிளம்பும்வரை நான் கிளாஸை வெளியே எடுக்கவில்லை.