ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஸேலாண்ட்: காரில் ஒரு நாள், இரண்டு நாட்டுச் சட்டம்

பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் எல்லை என்று தெரிவது ஒரு நீலப் பலகையும் அதில் பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரமும்தான். கேட் இல்லை, பூத் இல்லை. அதனாலேயே பெல்ஜியத்தில் புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் பக்கத்து ஊருக்குப் போவதுபோல் கிளம்பிவிடுகின்றன. பலகையைத் தாண்டியதும் மாறுவது வேக வரம்பு, பார்க்கிங் முறை, பெட்ரோல் விலை, அபராதத் தொகை எல்லாமும். ஆண்ட்வெர்ப்பில் புறப்பட்டு நெதர்லாந்தின் ஸேலாண்ட் மாகாணத்தைச் சுற்றித் திரும்பினால் சுமார் 230 கிலோமீட்டர். ஒரே நாளில் முடியும், முதல் எல்லைப் பயணத்துக்கு இதைவிட நல்ல வட்டம் கிடைக்காது.

முதலில் காகிதம். நெதர்லாந்து 2024 டிசம்பர் 9 முதல் தன் நில எல்லைகளில் மறுபடி சோதனை செய்யத் தொடங்கியது. எல்லாக் காரையும் நிறுத்துவதில்லை, ஆனால் நிறுத்தினால் குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்க வேண்டும். போனில் எடுத்த படம் செல்லாது. பலர் மாட்டுவது ‘பெய்லாகே 15’ விஷயத்தில்தான். அட்டை வரும்வரை நகராட்சி தருகிற அந்தத் தாள் பெல்ஜியத்துக்குள் தங்க மட்டுமே உதவும், அதை வைத்து நாடு தாண்ட முடியாது. வந்திறங்கிய நீண்டகால ‘டி’ விசா இன்னும் காலாவதியாகாமல் இருந்தால் சிக்கலில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒற்றை நுழைவு ஷெங்கன் விசா என்றால், நெதர்லாந்து போய்த் திரும்பினால் அந்த நுழைவு தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஷெங்கன் பகுதியை விட்டு வெளியே போகாதவரை அது ஒரே நுழைவுதான்.

முந்தைய நாள் மாலையே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். பெட்ரோல் நெதர்லாந்தில் கண்கூடாக விலை அதிகம். எல்லையோர டச்சுக்காரர்களே பெல்ஜியத்துக்கு வந்து போட்டுக்கொண்டு போகிறார்கள். ஆளில்லாத பங்க்கில் கார்டைச் செருகியதும் கணக்கிலிருந்து 100 யூரோவுக்கு மேல்கூடப் பிடித்துவைப்பார்கள், போட்ட அளவு போக மீதி பிறகுதான் விடுபடும். மாதக் கடைசியில் கணக்கில் 60 யூரோவை வைத்துக்கொண்டு போனால் பம்ப்பே திறக்காது. கம்பெனி கார் ஓட்டுபவர்கள் எரிபொருள் அட்டை பெல்ஜியத்துக்கு மட்டுமா, வெளியேயும் செல்லுமா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது. பெல்ஜியத்தின் சொந்த டெபிட் கார்டு முறையான பான்கான்டாக்ட் பெல்ஜியத்தோடு முடிந்துவிடும். உங்கள் அட்டையில் அதோடு விசா டெபிட் அல்லது மாஸ்டர்கார்டு டெபிட் சின்னம் இருந்தால்தான் அங்கே வேலை செய்யும்.

பெல்ஜிய நம்பர் பிளேட் காரில் நான்கு பொருள் கட்டாயம்: எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேல்சட்டை, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. மேல்சட்டையை டிக்கியில் வைக்காதீர்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி நின்றால் இறங்கும்போதே போட்டிருக்க வேண்டிய உடுப்பு அது, சீட்டுக்கடியில் இருக்கட்டும். புளிச்சாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் டச்சுச் சிற்றூரில் சூடான சாப்பாடு தேடுவது வீண் வேலை. கழிவறைக்குச் சில்லறையும் வேண்டும்.

ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஏ12 வடக்கே. பலகையில் தேட வேண்டிய பெயர் ‘பெர்கன் ஓப் ஸோம்’. முழுப் பெயரையும் படியுங்கள். வெறும் ‘பெர்கன்’ என்று எழுதியிருந்தால் அது பெல்ஜியத்தின் தெற்கே உள்ள மோன்ஸ் நகரம், எதிர்த்திசை. பெல்ஜியத்தில் ஊர்ப்பெயர் மொழிக்கு மொழி மாறும். டச்சு பேசும் ஃபிளெமிஷ் பகுதியில் ‘லூய்க்’ என்று காட்டுவது லியேஜ், ‘ரெய்ஸல்’ என்பது பிரான்சின் லீல், ‘டோர்னிக்’ என்பது துர்னே. நாவிகேஷன் ஒரு பெயரும் பலகை இன்னொரு பெயரும் சொல்ல, ஆட்கள் வெளிவழியைத் தவறவிடுவது இதனால்தான்.

எல்லை தாண்டியதும் சாலை ஏ4 ஆகிறது. காலை 6 முதல் மாலை 7 வரை பெரும்பாலான டச்சு நெடுஞ்சாலைகளில் வரம்பு 100, அதுவும் 2020 மார்ச்சிலிருந்து. பெல்ஜியத்தில் 120-ல் குரூஸ் கன்ட்ரோல் போட்டு வந்தவர் அதே வேகத்தில் தொடர்ந்தால் அபராதக் கடிதம்தான். இரவு 7-க்குப் பிறகு பலகையில் உள்ளபடி 120 அல்லது 130. பெல்ஜியத்தில் கேமரா காட்டும் வேகத்திலிருந்து 6 கிலோமீட்டர் கழித்துவிட்டுத்தான் அபராதம் போடுவார்கள், 100-க்கு மேல் என்றால் 6 சதவீதம். நெதர்லாந்தில் இதில் பாதிதான், 3. சில இடங்களில் இரண்டு கேமராக்களுக்கு நடுவே சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள், கேமராவைக் கண்டு பிரேக் அடிப்பதில் பயனில்லை. தடத்துக்கு மேலே சிவப்புப் பெருக்கல் குறி எரிந்தால் அந்தத் தடம் மூடியிருக்கிறது, காலியாகத்தானே இருக்கிறது என்று நுழைய வேண்டாம். கையில் போனைப் பிடித்தால் 400 யூரோவுக்கு மேல் போய்விடும்.

பெர்கன் ஓப் ஸோம் அருகே ஏ58-க்கு மாறி மேற்கே. அடுத்து வரும் ஊரை எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘கோஸ்’ மாதிரி இருக்கும், அவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு ‘ஹூஸ்’ என்பார்கள். அங்கே வெளியேறி என்256 பிடித்தால் ஸேலாண்ட் பாலம். 1965-ல் திறந்தது, 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம். படகு போக ஒரு பகுதி தூக்கிக்கொள்ளும், அப்போது வரிசையில் நின்று ஆக வேண்டும். மேலே இஞ்சினை அணைத்துவிட்டுக் கடலைப் பார்க்கலாம், காரை விட்டு இறங்கிப் படமெடுக்கக் கூடாது. பாலத்தைக் கடந்தால் ஸீரிக்ஸே. அதன் அருகே அவுவெர்கெர்க்கில் 1953 வெள்ள அருங்காட்சியகம். நெதர்லாந்தில் 1,836 பேரைக் கொண்டுபோன வெள்ளம் அது. கரையில் கடைசியாக மிஞ்சிய உடைப்பை அடைக்க இறக்கிய நான்கு பிரம்மாண்டக் கான்கிரீட் பெட்டிகளுக்குள்ளேயேதான் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த வெள்ளத்துக்குப் பதில் என்57 சாலையில் வரும்: 1986-ல் திறந்த ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணை. ஒன்பது கிலோமீட்டர் நீளம், 65 தூண், 62 இரும்புக் கதவு. சாதாரண நாளில் கதவுகள் மேலே தூக்கியிருக்கும், கடல் உள்ளே வந்து போகும். நீர்மட்டம் 3 மீட்டரைத் தாண்டும் என்றால் மட்டும் இறக்குவார்கள். காரிலேயே இதன் மேல் போகலாம்.

மிடல்பர்கிலோ ஸீரிக்ஸேயிலோ நிறுத்தும்போது ஒரு நுணுக்கம். இங்கே பெரும்பாலும் சீட்டு அச்சடித்துக் கண்ணாடியில் வைக்கும் வழக்கமில்லை, இயந்திரத்தில் நம்பர் பிளேட்டைத்தான் தட்ட வேண்டும். பெல்ஜிய நம்பர் பெரும்பாலும் 1 அல்லது 2-ல் தொடங்கும், பிறகு மூன்று எழுத்து, மூன்று இலக்கம். கோடுகளை விட்டுவிட்டு ஏழு குறிகளையும் தட்டுங்கள். முன்னால் உள்ள அந்த இலக்கத்தை அலங்காரம் என்று நினைத்து விடுபவர்கள் உண்டு. கட்டணம் செலுத்தியும், ஸ்கேன் செய்துகொண்டு போகும் வண்டிக்கு உங்கள் கார் கட்டாத கார்தான். நீலக் கோடு போட்ட இடத்தில் மட்டும் வந்து நிறுத்திய நேரத்தைக் காட்டும் வட்ட அட்டை வைக்க வேண்டும்.

ஊருக்குள் தரையில் வரிசையாக வெள்ளை முக்கோணங்கள் வரும். டச்சில் இதற்குச் சுறாப்பற்கள் என்று பெயர். கூர்முனை உங்களைப் பார்த்திருந்தால் நீங்கள்தான் வழிவிட வேண்டும். ரவுண்டானாவை ஒட்டிய சைக்கிள் தடத்திலும் பார்க்கலாம். ஊருக்குள் பெரும்பாலும் சைக்கிளுக்கே முன்னுரிமை, ஊருக்கு வெளியே பெரும்பாலும் காருக்கு. பழக்கத்தை நம்பாமல் பல்லைப் பாருங்கள். பல்லும் பலகையும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் இருந்து வருபவருக்கு வழி, அவர் சைக்கிளில் வந்தாலும்.

திரும்பும் வழி வெஸ்டர்ஸ்கெல்டே சுரங்கம், 6.6 கிலோமீட்டர். 2025 ஜனவரி 1 முதல் கார்களுக்குச் சுங்கம் கிடையாது. பழைய வரைபடம் உள்ள நாவிகேஷனில் ‘சுங்கம் தவிர்’ போட்டிருந்தால் அது இன்னும் உங்களை வந்த வழியே பெர்கன் ஓப் ஸோமுக்குத் திருப்பி அனுப்பும், அந்தத் தேர்வை எடுத்துவிடுங்கள். ஃப்ளிசிங்கன்–பிரெஸ்கன்ஸ் படகு கண்ணில் பட்டால் ஆசைப்பட வேண்டாம், சுரங்கம் திறந்த 2003-லிருந்து அது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும்தான். சுரங்கம் முடிந்தால் டெர்நூசன், பிறகு ஸெல்ஸாட்டே. மறுபடி பெல்ஜியம், இ34.

வெயில் அடித்த ஞாயிறென்றால் இங்கேதான் நாள் கெடும். கடற்கரையிலிருந்து திரும்பும் கூட்டமும் இதே இ34-ல் வந்து ஆண்ட்வெர்ப்பின் கென்னடி சுரங்கத்தில் நெரியும். மாலை 4-க்கு முன்போ 8-க்குப் பின்போ ஆண்ட்வெர்ப் வாசலுக்கு வாருங்கள். நகரின் வடக்கே வீடு என்றால் காசு கொடுத்து லீஃப்கென்ஸ்ஹூக் சுரங்கத்தில் போவதே புத்திசாலித்தனம்.

நெதர்லாந்தின் ஐந்தோவனில் இருக்கும் தம்பி குடும்பம் டச்சு காரில் சேர்ந்துகொள்வதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கை. பழைய டீசல் காரை ஆண்ட்வெர்ப் ஊருக்குள் கொண்டுவந்தால் மாசுக்குறைப்பு மண்டலக் கேமரா பிடிக்கும், முதல் அபராதமே 150 யூரோ. டச்சு நம்பர் பிளேட்டைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆனால் காரின் தரம் பொருந்த வேண்டும். சுற்றுச்சாலை ஆர்1 மண்டலத்தில் சேராது. இரண்டாவது, களைப்பாக இருக்கிறதென்று கார்களை மாற்றி ஓட்டுவது. நெதர்லாந்தில் குடியிருப்பவர் அங்கே பெல்ஜியக் காரை ஓட்டினால் வாகன வரிப் பிரச்சினை வரும். இரண்டு வாரம்வரை விலக்கு உண்டு, ஆனால் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே ஆன்லைனில் வாங்கியிருக்க வேண்டும்.

ஓரம் நின்றிருந்த வண்டியில் கேமரா இருந்ததா என்று யோசித்துக்கொண்டே தூங்க வேண்டாம். அபராதம் என்றால் சில வாரத்தில் வீட்டுக்குக் கடிதம் வரும், தொகையோடு 9 யூரோ நிர்வாகக் கட்டணமும் சேர்த்து. கம்பெனி கார் என்றால் லீசிங் நிறுவனம் தன் பங்குக்கும் ஒன்று போடலாம். வெளிநாட்டு அபராதம்தானே என்று டிராயரில் போட்டால் நினைவூட்டலுக்கு நினைவூட்டல் தொகை ஏறும்.