ஹெரால்டின் முன் சக்கரம்

மூன்று ஞாயிற்றுக்கிழமை, நான் வரையும் கார் படத்தில் ஒரே ஒரு சக்கரம். நேற்று சாயங்காலம்தான் அது ஒருவழியாகத் தரையில் உட்கார்ந்தது.

வண்டி, பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் வீட்டு வாசலில் நிற்கும், ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஹெரால்டு. இரண்டு கதவு, வெளிர் பச்சை. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வடிவமைத்து 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் பெயரில் வந்ததை, 1961 முதல் நம் சென்னையில் செய்தார்கள். உடம்பெல்லாம் மடித்த காகிதம் போல விளிம்பு விளிம்பாக இருப்பதால் வரைய சுகம். அம்பாஸடர் மாதிரி எங்கே வளைவு தொடங்குகிறது என்று தேட வேண்டாம். பானட் மட்டும் கவனம்: மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழும் வகை. அது திறக்கும் இடத்துக் கோடு ஒன்றை, கதவுக்கு முன்னால் இறக்காவிட்டால் அது ஹெரால்டே இல்லை.

சரி, சக்கரத்துக்கு வருகிறேன். இடது முன்மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும். அதன் குறுக்கு அச்சு, அதாவது குட்டையானது, ஆக்ஸில் கோட்டின் மேல் விழ வேண்டும். நீளமான நெட்டச்சு அதற்குச் செங்குத்தாக வேண்டும். அது காகிதத்தில் நேராக நிற்க வேண்டியதில்லை, கொஞ்சம் சாயும். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது. அதை அட்சரம் பிசகாமல் செய்தேன். பின் சக்கரம் ஒல்லி, முன் சக்கரம் கொஞ்சம் அகலம், இரண்டு ஆக்ஸிலும் ஒரே மறைபுள்ளிக்கு, அதாவது இணைகோடுகள் தூரத்தில் சேர்வதுபோல் தெரியும் புள்ளிக்கு, ஓடுகின்றன. எல்லாம் சரி. ஆனால் தலைநிமிர்ந்து வண்டியைப் பார்த்தால் முன் சக்கரம் என் படத்தைவிட வட்டமாகச் சிரிக்கிறது!

முதல் வாரம் கண்ணைச் சந்தேகப்பட்டேன். இரண்டாவது வாரம் நீள்வட்டம் போடும் ஸ்டென்சிலைச் சந்தேகப்பட்டு 30 டிகிரி, 35 டிகிரி, 40 டிகிரி என்று மாற்றி மாற்றி வைத்தேன். ரப்பர் போட்டுத் தேய்த்ததில் காகிதத்தின் மேல்தோல் பஞ்சு பஞ்சாக எழும்பிவிட்டது. (தாளின் கனம் 300 ஜிஎஸ்எம் என்று சொல்லித்தான் ஒரு கடையில் கொடுத்தார்கள். தொட்டுப் பார்த்தால் 200 கூடத் தேறாது. இனி தாளைத் தனித்தனியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவது.)

மூன்றாவது வாரம் பெரியவர் காபியோடு வந்து எட்டிப் பார்த்தார். "வீலை ஏன் தம்பி நேரா போட்டிருக்க? நான் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினா ஸ்டியரிங்கைத் திருப்பினபடியே விட்டுடுவேன், பாரு."

அவ்வளவுதான். ஸ்டியரிங் வலது பக்கம் ஒடித்திருந்தது. முன் சக்கரத்தின் வெளிமுகம் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதன் அச்சு பின் ஆக்ஸிலுக்கு இணையாக எப்படி இருக்கும்? ஹெரால்டு வேறு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி; சக்கரம் கொஞ்சநஞ்சமல்ல, நிறையவே திரும்பும். விதியை விதியென்று பிடித்துக்கொண்டு கண்ணெதிரே இருந்த வண்டியைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

புதுத் தாளில் முன் சக்கரத்துக்குத் தனி அச்சு போட்டேன். இருபதே நிமிடம்! கூடவே இன்னொன்று: சக்கரம் திரும்பியிருந்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இருட்டு முன்னும் பின்னும் ஒரே அகலத்தில் இருக்காது. அந்த இருட்டை அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்துதான் போட்டேன், கறுப்பு ட்யூபைத் தொடவில்லை. அது உள்ளே இறங்கியதும்தான் டயர் உருண்டது.

ஹப்கேப் (சக்கரத்தின் நடு மூடி), பம்பர் எல்லாம் இன்னும் வெள்ளையாகக் கிடக்கின்றன. குரோமுக்குச் சொந்த நிறம் கிடையாது. மேல் பாதியில் வானம், கீழ்ப் பாதியில் தெரு, நடுவே ஒரு கறுத்த கோடு. இந்தத் தடவை எதிர்வீட்டு மஞ்சள் காம்பவுண்டும் அதில் விழுகிறது. அதைப் போடலாமா, விடலாமா என்று யோசிக்கும்போதே மனசு கஸல் கார் பக்கம் ஓடுகிறது. 1972-இல் ஹெரால்டுக்குப் பின்னால் அதே கம்பெனி விட்ட நான்கு கதவு வண்டி. எங்கேயாவது ஒன்று ஓடும் நிலையில் இருந்தால் சொல்லுங்கள், ஸ்டூலோடு வருகிறேன். ஸ்டியரிங்கை மட்டும் நேராக வைக்கச் சொல்லுங்கள்.