ஊர் முந்திக்கொண்ட காதல்

மூன்று ஆண்டுகளாக ஒரு காதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் தரங்கம்பாடி. சிறு வயதிலிருந்து நண்பர்களாகவே பழகிவந்த வாணியும் செந்திலும், தங்கள் நட்பு வேறொன்றாகிவிட்டதை இருபத்தெட்டு வயதில் கண்டுகொள்வதுதான் கதை. ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய இந்தக் கதையை இரண்டு முறை முழுதாக எழுதிக் கிழித்துப் போட்டேன். இரண்டு முறையும் என்னை இடறிவிட்டது ஒரே சொல்: முறை.

முதல் படியில், இந்த வகை நாவல்களில் வழக்கமாக நடப்பதுபோல, அவர்களுக்குள் இருப்பதை ஊரில் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. ஒரு மழை மாலையில் இருவரும் திடீரென்று உணர்ந்தார்கள். எனக்கும் அப்போது அது அழகாகத்தான் இருந்தது. அந்தக் கரையோரத்து மீனவர் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்த தோழி ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். நாற்பதாவது பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வியை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்: “இவ அவனுக்கு என்ன முறை?” என்னிடம் பதில் இல்லை.

ஒரே தெருவில், பட்டினவர் என்னும் ஒரே மீனவச் சமூகத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இடையே, ஏதோ ஒரு வழியில் உறவு எண்ணப்படாமல் இருப்பது அரிது. ஒரு பையன் ஒரு பெண்ணுக்கு அண்ணன் முறையாக இருப்பான், அல்லது மாமன் முறையாக இருப்பான். அண்ணன் முறை என்றால் என் கதை நடக்கவே முடியாது. மாமன் முறை என்றால், என் கதை ஊர்வாயில் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. ஐந்து வயதில் குழாயடியில் அவர்கள் குடத்துக்காகச் சண்டை போட்டபோதே எவளாவது ஒரு கிழவி, “கட்டிக்கப் போறவங்கிட்ட என்னடி மல்லுக்கு நிக்கிறே” என்று சொல்லிச் சிரித்திருப்பாள். அப்படியிருக்க, ஒருவரும் சந்தேகிக்கவில்லை என்று நான் எழுதியது, ஊரைத் தெரிந்தவர்களுக்கு முதல் அத்தியாயத்திலேயே பொய்யாகப் பட்டிருக்கிறது.

நாவல் மறுபடியும் உயிர் பெற்றது அந்தக் கேள்வியில்தான். வாணியும் செந்திலும் மாமன் மகள், அத்தை மகன் முறை உடையவர்கள். ஊர் முதலில் ஜோடி சேர்த்துவிட்டது. கேலி பொறுக்காமல்தான் பதின்மூன்று வயதில் இருவரும், நாம் வெறும் நண்பர்கள் என்று தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஊருக்கு எதிராக அவர்கள் எடுத்துக்கொண்ட ஆயுதம் அந்த நட்பு. அதனால் பின்னாளில் காதலை ஒப்புக்கொள்வதற்குக் குறுக்கே நிற்பது சாதியோ பணமோ வில்லனோ அல்ல, ரோஷம். ஒப்புக்கொண்டால் தெருவில் உள்ள அத்தனை பேரும் சொன்னது சரி என்றாகிவிடும். அந்தக் குழாயடிக் கிழவி வேறு இன்னும் உயிரோடிருக்கிறாள்.

சங்கப் பாடல்களில் காதல் முதலில் மறைவாக நிகழும். பிறகு அது முணுமுணுப்பாகக் கசியும்போது அம்பல், ஊரறியப் பேசப்படும்போது அலர். நெய்தல் பாடல்களில் கடற்கரை ஊரின் அலருக்கு அஞ்சி நடுங்கும் தலைவியரைப் பார்க்கிறோம். என் நாவலில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. அலர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்து, ஓய்ந்து, பழசாகிவிட்டது. காதல்தான் தாமதமாக வந்து சேர்கிறது.

நட்பு காதலாக மாறுவது என்று பேசும்போதே, இரண்டும் வேறு வேறு அறைகள், நடுவில் ஒரு கதவு என்று எண்ணிக்கொள்கிறோம். பழந்தமிழில் அந்தச் சுவர் இவ்வளவு கெட்டியாக இல்லை. குறுந்தொகையின் 3ஆம் பாட்டில், நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட ஆழமானது என்று தலைவி அளந்து காட்டுவது தலைவனோடு தனக்கிருக்கும் காதலைத்தான். ஆனால் அதைப் பாடிய தேவகுலத்தார் அதற்கு வைத்திருக்கும் சொல் ‘நட்பு’. அந்தப் பாட்டை வாணி பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறாள் என்று ஒரு வரி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். எழுதுகிறவனுக்குத் தெரிந்ததையெல்லாம் பாத்திரத்துக்கும் தெரியவைப்பது ஒரு நோய்.

அதே நோய் தரங்கம்பாடி விஷயத்திலும் என்னைப் பிடித்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு, அவர் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1845இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது, 1306இல் எழுந்து இன்று முன்பகுதியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் என்று நான்கு பக்கங்கள் எழுதி வைத்திருந்தேன். செந்திலுக்குக் கோட்டை என்றால் ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடமில்லாமல் வெளியூர்க்காரர்கள் வழியை அடைத்துக்கொள்ளும் இடம், அவ்வளவுதான். நான்கு பக்கங்களும் போயின. கோயிலை மட்டும் விட்டுவைத்தேன், ஏனென்றால் கரையை அலை அரித்துக்கொண்டு வருவதை அளந்து பார்க்க அந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு கட்டடம்தான் அடையாளம்.

2004 டிசம்பர் 26 அன்று இருவருக்கும் வயது எட்டு. சுனாமியை ஒரு காதல் கதையில் எங்கே வைப்பது என்பதில் எனக்கு இன்றும் தயக்கம் உண்டு. கதாநாயகியின் கண்ணீருக்குக் காரணம் காட்ட அந்தக் காலைப் பொழுதை எடுத்துக்கொள்வது அங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைக்கிறேன். ஆகவே அலையை எழுதவில்லை. அதன் பிறகு கட்டிக்கொடுக்கப்பட்ட குடியிருப்பில், பழைய தெருவில் தள்ளித் தள்ளி இருந்த இரண்டு குடும்பங்களுக்கு அடுத்தடுத்த வீடுகள் கிடைத்ததை மட்டும் எழுதினேன். கதைக்கு அது போதும்.

காலத்தை எப்படிக் கட்டுவது என்பதற்குக் கடலே வழி சொன்னது. செந்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். நாட்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு, கரைக்கு வந்த பகலில் தூங்குகிறவன். வாணி திருக்கடையூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைக்கிறாள்; காலையில் பேருந்து ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. இவர்கள் எப்போது சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் பேசிக்கொள்வார்கள்? கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாட்களாக இருந்தது, 2017 முதல் 61 நாட்கள். நாவல் முழுவதையும் 2024ஆம் ஆண்டின் அந்த 61 நாட்களுக்குள் அடக்கிவிட்டேன். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அடிப்பலகையைச் சுரண்டி வண்ணம் அடிப்பார்கள், வலை முடிவார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். சித்திரை வெயிலும் சோழகக் காற்றும் ஒருபுறம், கையில் பங்குப் பணம் வராத எரிச்சல் ஒருபுறம். முதல் படியில் தடைக்காலத்தை ஒரு விடுமுறைபோல எழுதியிருந்தேன். வருமானம் நின்ற வீட்டில் இரண்டு மாதம் எப்படி இருக்கும் என்பதை யோசிக்காமல் எழுதிய வெட்கக்கேடான பக்கங்கள் அவை. இப்போதைய படியில் செந்தில் வாணியிடம் கைமாற்றாக மூவாயிரம் ரூபாய் கேட்கிறான். கேட்டபின் அவளை நேராகப் பார்க்கக் கூசுகிறான். நண்பனாக மட்டும் இருந்திருந்தால் இப்படிக் கூசியிருக்க மாட்டான் என்பது அவளுக்கு அங்கேதான் உறைக்கிறது. மழை மாலையை எடுத்துவிட்டு நான் வைத்த திருப்பம் இது.

திருக்கடையூர் எனக்குத் தானாகக் கிடைத்த வரம். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் எங்கெங்கிருந்தோ தம்பதிகள் வரும் ஊர் அது. வாணி நாள் முழுவதும் திரையில் பார்ப்பது, நாற்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்துவிட்டு மறுபடியும் மாலை மாற்றக் கூச்சப்படும் கிழவர்களையும் கிழவிகளையும்தான். புது மணமக்களைவிட இவர்களுடைய படங்களில் வெட்கம் அதிகம் என்று அவள் செந்திலிடம் சொல்கிறாள். அந்த உரையாடலை எழுதியபோது நாவல் என் கையை விட்டு அவர்கள் கைக்குப் போனதுபோல் இருந்தது.

அடுத்த சிக்கல், எங்கே பேசுவார்கள் என்பது. நற்றிணையின் 172ஆம் பாட்டில், சிறுமியாக விளையாடியபோது மணலில் புதைத்து மறந்த விதை புன்னை மரமாக எழுந்து நிற்கிறது. அது உனக்கு உடன்பிறந்தாள் முறை என்று தாய் சொல்லியிருப்பதால், அதன் நிழலில் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாயிருக்கிறது என்று தலைவனிடம் சொல்லப்படுகிறது. மரத்துக்கே முறை இருக்கிற கரை! என் நாவலில் ஒரு புன்னையை நட்டுவிடக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். புன்னையின் இடத்தில் செந்திலின் அம்மா இருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் பார்க்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை.

கடைசியாக, விளிக்கும் சொல். அவனை மாமா என்று கூப்பிடச் சொல்லி அவளைப் பாட்டி எத்தனையோ முறை அடித்திருக்கிறாள். அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு அவன் ‘டேய்’தான். அவன் அம்மாவையும் அத்தை என்று அழைத்ததில்லை, ‘செந்தில் அம்மா’ என்றே சொல்லி வந்தாள். முடிவில் அவளை மாமா என்று சொல்லவைப்பதா என்று பல வாரங்கள் மல்லாடினேன். சொல்லவைத்தால் ஊர் ஜெயித்துவிடும். சொல்லாவிட்டால் எதுவும் மாறவில்லை என்றாகிவிடும்.

ஜூன் 14 இரவு. ஐஸ் ஏற்றியாகிவிட்டது, டீசல் நிரப்பியாகிவிட்டது. செந்திலின் அம்மா சூடம் ஏற்றிக் கும்பிடுகிறாள். வாணி வழக்கம்போல, “டேய், சார்ஜரை மறந்துட்டுப் போறே பாரு” என்று அதை அவன் கையில் திணிக்கிறாள். நள்ளிரவு கடந்து படகு கிளம்பி, விளக்கு சிறுத்துக்கொண்டே போகிறது. பெண்கள் கூட்டமாக வீடு திரும்பும்போது, பின்னால் நடந்து வரும் வாணி மெதுவாகக் கூப்பிடுகிறாள்: “அத்தை, கூடையை இப்படிக் குடுங்க.”

செந்திலின் அம்மா நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கூடையை மட்டும் பின்னால் நீட்டினாள். செந்தில் கரைக்குத் திரும்ப இன்னும் நான்கு நாட்கள் ஆகும்.